வாசலில் மாட்டிய பலகை

எங்கள் வீட்டு இரும்புக் கதவில், மஞ்சள் தகரத்தின் மேல் கறுப்பு எழுத்தில், 'நாய்கள் ஜாக்கிரதை' என்று ஒரு பலகை தொங்குகிறது. கடைத்தெருவில் 120 ரூபாய் கொடுத்து அதை வாங்கி வந்தவனும், கம்பியை முறுக்கி மாட்டியவனும் நானே. 34 வருஷ காலம் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்து, பிராது எழுதி, நகல் மனுப் போட்டு, கேஸ் கட்டுகளைச் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு முன்சீப் கோர்ட்டுக்கும் சப் கோர்ட்டுக்கும் அலைந்த நான், என் வாசலில் நானே மாட்டிய ஒரு தகரத் துண்டு ஒரு நாள் எனக்கு எதிராகவே மார்க் செய்யத்தக்க ஆவணமாகக்கூடும் என்பதை, அதை மாட்டிய க்ஷணத்தில் நினைத்துப் பார்க்கவில்லை.

மணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லாப்ரடாரும் நாட்டு நாயும் கலந்த ஜாதி, சந்தன நிறம், என் மகன் திருச்சியிலிருந்து அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தபோது என் உள்ளங்கைக்குள் அடங்கிய பிராணி. மகனுக்கு வாரத்தில் ஐந்து நாள் வெளியூரில் வேலையாதலால், சோறு வைப்பதும், காலையில் தெருக்கோடி வரை அழைத்துப் போவதும், தீபாவளி வெடிச் சத்தத்துக்குப் பயந்து அது கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொண்டால் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுப்பதும் என் பொறுப்பாகிப் போயின. வருகிறவர்களிடமெல்லாம் 'எங்க மணி ஒண்ணும் செய்யமாட்டான், தைரியமா வாங்க' என்று சொல்வது எனக்கு வழக்கம். நாய் வளர்க்கிற ஒவ்வொரு வீட்டிலும் இந்த வாக்கியம் ஒரு மந்திரத்தைப் போல உச்சரிக்கப்படுகிறது என்றே நினைக்கிறேன். ஒரு தடவை காஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையனின் கால்சராயை மணி கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. ரத்தம் வரவில்லை, துணிதான் கிழிந்தது. அன்று சாயங்காலம்தான் பலகை வாங்கப் போனேன்.

2024-ஆம் வருஷம், ஐப்பசி மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகல். வாசல் கதவின் கொண்டி இரண்டு மாதத்துக்கு முன்பே கழன்றுபோய், ஒரு கொச்சைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தோம். மணி தாழ்வாரத்தில் சங்கிலி இல்லாமல் தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை, ஐந்து வயதுப் பெண், தினமும் அதற்கு ஒரு பிஸ்கட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறவள், வழக்கம்போலக் கயிற்றைத் தளர்த்திவிட்டு உள்ளே வந்து, தின்றுகொண்டிருந்த நாயைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். அதே சமயத்தில் இடி இடித்ததா, அல்லது இடி என்பது என் மனம் பிற்பாடு கற்பித்துக்கொண்ட சமாதானமா என்பதை இன்றைக்கு என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நான் ஈஸிசேரில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை கடித்தது. தோளில் மூன்று பல் தடம். இடது கன்னத்தில், காதுக்குச் சற்று முன்னால், ஒரே ஒரு ஆழமான பல்.

மேல்வீட்டு அம்மாள் காபிப் பொடியோடு ஓடிவந்தாள். இன்னொருவர் சுண்ணாம்பு வைக்கச் சொன்னார். நல்லவேளையாக, என் மருமகள் இரண்டையும் தடுத்து, குழந்தையைக் குழாயடியில் உட்காரவைத்துச் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவினாள். வெறிநாய்க்கடி விஷயத்தில் ஊசிக்கு முந்திய முதல் மருந்து குழாய்த் தண்ணீரும் சோப்பும்தான் என்பதை அவள் எங்கேயோ படித்திருக்கிறாள். என் தலைமுறைக்குத் தெரிந்ததெல்லாம் தொப்புளைச் சுற்றிப் போடும் பதினான்கு ஊசியும், குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் என்ற பெயரும்தான்.

ஆட்டோவில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தையின் தாய் ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நின்றாள். குழந்தை என் மடியில் இருந்தது. அங்கே, காயத்துக்குக் கட்டுப் போடுவதற்கு முன்னால், மேஜையின் அப்பால் உட்கார்ந்திருந்தவர் தடித்த ஒரு பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமலே, "தெரு நாயா, வீட்டு நாயா?" என்று கேட்டார்.

அந்தப் பதிவேட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த அறையில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. விபத்துப் பதிவேடு, எங்கள் பாஷையில் ஏ.ஆர். காப்பி. மோட்டார் விபத்து, அடிதடி, பாம்புக்கடி, எதுவானாலும் சம்பவம் நடந்த சில நாழிகைக்குள், யாருடைய யோசனையும் கலக்காமல், அடிபட்டவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்பதால், பிற்பாடு வருகிற பத்துச் சாட்சிகளைவிட அந்த ஒரு வரிக்குக் கோர்ட்டில் கௌரவம் அதிகம். எத்தனையோ கேஸ்கள் அந்த ஒரு வரியில் நின்றதையும் விழுந்ததையும் கண்ணால் கண்டவன் நான். மருமகள் என் காதருகே குனிந்து, "மாமா, தெரு நாய்னு சொல்லிடுங்க" என்றாள். கெட்டவள் அல்லள்; பயந்தவள். நான் உடனே மறுத்தேன் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால், நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். அதற்குள் என் மடியிலிருந்த குழந்தை, அழுகைக்கு நடுவே, அவரைப் பார்த்து, "தாத்தா வீட்டு மணி" என்று பதில் சொல்லிவிட்டது.

'வளர்ப்பு நாய்' என்று எழுதிக்கொண்டார். ஐந்து வயதுக் குழந்தையின் சொல் சாட்சியமாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியைப் புரிந்துகொண்டு பொருத்தமாகப் பதில் சொல்லும் சக்தி இருந்தால் வயது ஒரு தடையன்று என்பதுதான் நம் சாட்சியச் சட்டத்தின் நிலை. அந்தப் பதிலால் குழந்தைக்கு விளைந்த பெரிய நன்மை வேறொன்று. கடித்தது இன்ன நாய் என்று தெரிந்தால் அதைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கலாம். தெரு நாய் என்று நான் பொய் சொல்லியிருந்தால், குழந்தையின் நஷ்டஈட்டு உரிமையோடு அந்தப் பத்து நாள் நிம்மதியையும் சேர்த்து அழித்தவனாகியிருப்பேன். கன்னத்தில் ஆழமான காயமாதலால், குழந்தையை எடை போட்டுப் பார்த்து, பதினாறு கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, இம்யூனோகுளோபுலின் என்கிற மருந்தைக் காயத்துக்குள்ளேயே ஊசியால் செலுத்தினார்கள். அந்த அலறலைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. பிறகு அன்றைக்கும், 3, 7, 28-ஆம் நாள்களிலும் தடுப்பூசி.

மணியின் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார்கள். கடைசி ஒட்டுச்சீட்டின்படி அடுத்த ஊசி போட வேண்டிய தேதி கடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கொண்டி கழன்றதும் இரண்டு மாதத்துக்கு முன்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவாக வேஷம் மாறியிருக்கிறது. தன் வசத்திலுள்ள ஒரு பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்னும்போது, அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டை, அறிந்தோ அஜாக்கிரதையாலோ செய்யாமல் விட்டவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதத்தின் உச்சவரம்பு 1,000 ரூபாய், புதியதில் 5,000. வாரண்டு இல்லாமல் போலீஸார் கைது செய்யலாம். ஆனால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். இதோடு நிற்காமல், பிறர் உயிருக்கும் உடலுக்கும் ஊறு நேரும்படி அசட்டையாக நடந்துகொள்வதைப் பற்றிய 125-ஆம் பிரிவையும் சேர்ப்பார்கள். அதன்படி விளைந்தது கொடுங்காயமானால் மூன்று வருஷம் வரை சிறை விதிக்க இடமுண்டு.

'கொடுங்காயம்' என்பது கைகால் போவதுதான் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தலையோ முகமோ நிரந்தரமாக உருக்குலைவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பெரியவர்களைக் கடிக்கிற நாய்க்கு முழங்கால் எட்டுகிறது. குழந்தையைக் கடிக்கிற நாய்க்கு முகமே எட்டிவிடுகிறது. ஆகவே ஒரே நாய், ஒரே கோபம், ஒரே பல். கடிபட்டவரின் உயரத்தைப் பொறுத்துச் சட்டத்தின் பிரிவு மாறிவிடுகிறது. கடுமையான வலியாலோ அன்றாடக் காரியங்களைச் செய்ய இயலாமலோ இருபது நாள் அவதிப்பட்டால் கொடுங்காயம் என்றிருந்ததைப் புதிய சட்டம் பதினைந்து நாளாகக் குறைத்திருக்கிறது. குழந்தை பத்தொன்பது நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். 291-ஆம் பிரிவு 'சொந்தக்காரர்' என்று சொல்லவில்லை; 'வசத்தில் வைத்திருப்பவர்' என்கிறது. நாயை வாங்கியவன் என் மகன். தடுப்பூசிப் புத்தகத்தில் இருப்பது அவன் பெயர். ஆனால் அன்று பிற்பகல் மணி யார் வசத்தில் இருந்தது என்று கேட்டால், பத்திரிகையும் கையுமாக ஈஸிசேரில் சாய்ந்திருந்த 71 வயதுக் கிழவனைத்தான் காட்டவேண்டும். செய்தி கேட்டுப் பதறி ஓடிவந்த மகனிடம், "குற்றவாளிக் கூண்டில் நீ ஏறமுடியாதுடா, அது என் இடம்" என்று சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

அதே வருஷம் மே மாதம், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில், அங்கேயே தங்கியிருந்த காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய செய்தியை நானும் படித்து, 'இப்படியும் மனிதர்கள் பொறுப்பில்லாமல் இருப்பார்களா' என்று அங்கலாய்த்தவன்தான். நாயின் உரிமையாளர் கைதானார்; பழைய சட்டத்தின் 289, 336-ஆம் பிரிவுகளில் வழக்கானது. அதன்பின் மாநகராட்சி, வளர்ப்பு நாய்களுக்கு லைசென்ஸ் வேண்டும், பொது இடத்தில் கயிறும் வாய்மூடியும் வேண்டும் என்று கண்டிப்புக் காட்டத் தொடங்கியது. ராட்வைலர் என்றால் ராக்ஷசன், எங்கள் மணி வேறு ஜாதி என்பது அப்போது என் சித்தாந்தம். 291-ஆம் பிரிவில் நாயின் ஜாதி எழுதப்படவில்லை.

மும்பையில் 2010-இல் நடந்த சம்பவம் ஒன்று வக்கீல் வட்டாரத்தில் பிரசித்தம். சொத்துத் தகராறில் இருவர் நடுத்தெருவில் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கையில், எதிரே நின்ற முதியவர் வேண்டாமென்று சொல்லியும் கேளாமல் மற்றவர் கார்க் கதவைத் திறக்க, உள்ளேயிருந்த ராட்வைலர் பாய்ந்து அந்த முதியவரை மூன்று தடவை கடித்தது. நாயின் சொந்தக்காரருக்கு மூன்று மாதச் சிறை என்று மாஜிஸ்டிரேட் தீர்ப்புச் சொன்னது 2023-இல். கடித்தது ஒரு நிமிஷம். வழக்கு பதின்மூன்று வருஷம். கோர்ட்டு வராந்தாவில் காலம் கழித்த எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

என் பழைய வக்கீலைப் பார்க்கப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "முன்னே யாரையாவது கடிச்சிருக்காய்யா?" என்பது. நஷ்டஈட்டு வழக்குகளுக்கென்று நாய்க்கடிக்குத் தனிச் சட்டம் நம் நாட்டில் கிடையாது. ஆங்கிலேயர் விட்டுப்போன தீங்கியல் நெறிகளைக் கொண்டே கோர்ட்டுகள் காலம் தள்ளுகின்றன. அந்த நெறிப்படி, புலி கரடியை வைத்திருப்பவன் எது நடந்தாலும் பொறுப்பாளி. நாய், மாடு போன்ற வீட்டுப் பிராணியானால், அதன் துஷ்ட சுபாவம் சொந்தக்காரனுக்கு முன்பே தெரிந்திருந்ததென்றோ, அவன் அஜாக்கிரதையாக இருந்தானென்றோ வாதி நிரூபிக்கவேண்டும். இதனால் இங்கிலாந்தில் 'நாய்க்கு முதல் கடி இலவசம்' என்று வேடிக்கையாகச் சொல்வார்களாம். அவர்களே 1971-இல் பிராணிகளுக்கென்று ஒரு சட்டம் இயற்றிப் பழைய நெறியைத் திருத்திக்கொண்டார்கள்; நாம் இன்னும் பழைய பாயிலேயே படுத்திருக்கிறோம்.

மணிக்கு முதல் கடி இலவசமா? சிலிண்டர் பையனின் கால்சராய் இருக்கிறதே. அதை எல்லோரும் மறந்துவிடலாம். ஆனால் அதைக் கண்டு நான் என்ன நினைத்தேன் என்பதைத்தான் 120 ரூபாய் கொடுத்து எழுதி வாங்கி, தெரு முழுவதும் பார்க்கும்படி மாட்டியிருக்கிறேனே. எச்சரிக்கைப் பலகை இருந்தால் சொந்தக்காரருக்குப் பாதுகாப்பு என்று நம்பித்தான் எல்லோரும் அதைத் தொங்கவிடுகிறார்கள். 'என் நாய் ஆபத்தானது என்று எனக்குத் தெரியும்' என்பதற்கு அதைவிடச் சிறந்த அத்தாட்சி வேண்டுமா என்று எதிர்த்தரப்பு கேட்டால் பதில் ஏது? வழிதவறி வந்த திருடனிடம் வேண்டுமானால் 'பலகையைப் பார்க்கவில்லையா' என்று வாதாடலாம். எல்.கே.ஜி. முடித்த குழந்தையிடம் எப்படி வாதாடுவது? அவளுக்கு அப்போது எழுத்துக் கூட்டத் தெரியாது.

இதற்கிடையில் தெருவில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. "பல் ஒண்ணுக்குப் பத்தாயிரமாமே, கோர்ட்டே சொல்லியிருக்காமே" என்று டீக்கடையில் பேச்சு. நாலு பல், நாற்பதாயிரம். செய்தி பொய்யன்று, இடம்தான் வேறு. 2023 நவம்பரில் பஞ்சாப் ஹரியானா உயர்நீதிமன்றம், ஒவ்வொரு பல் தடத்துக்கும் குறைந்தபட்சம் 10,000 ரூபாயும், சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டர் காயத்துக்கு 20,000 ரூபாயும் என்று விதித்தது. ஆனால் அது தெருவில் திரியும் பிராணிகள் விஷயத்தில் அரசாங்கத்தின் பொறுப்பைப் பற்றிய தீர்ப்பு. வீட்டு நாய் கடித்தால் இப்படி முழக்கோல் ஏதும் இல்லை. வைத்தியச் செலவு, பட்ட வேதனை, வடு, பிற்காலத்தில் அதை மாற்றச் செய்யவேண்டிய ஆபரேஷன் என்று வாதி ஒவ்வொன்றாகக் கேட்டு நிரூபிக்கவேண்டும். கேட்கிற தொகைக்கு நூற்றுக்கு 3 வீதம் கோர்ட்டுக் கட்டணம் வேறு.

குழந்தையின் தகப்பனார் ஸ்டேஷனில் மனுக் கொடுத்தார். சி.எஸ்.ஆர். ரசீது போட்டு, என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஆயுள் முழுவதும் அடுத்தவன் கேஸுக்காக ஏறிய படிகளில் என் கேஸுக்காக ஏறினேன். சப் இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். "ஐயா, உக்காருங்க" என்று நாற்காலி போட்டார். அந்த மரியாதைதான் என்னை அதிகமாகக் கூசவைத்தது. எப்.ஐ.ஆர். பதிவானால் இருவரும் தாமாகச் சமாதானம் செய்துகொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியலில் 291 இல்லை. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் ரத்து வாங்கவேண்டும் என்பதை நான் அறிவேன். குழந்தையின் தகப்பனார் என்னைப் பார்த்தார். "பெரியப்பா, எனக்குப் பணம் வேண்டாம். அது முகத்தை மட்டும் சரி பண்ணிக் குடுங்க" என்றார்.

செலவு முழுவதும் எங்களுடையது. தோல் சிகிச்சைக்குத் தஞ்சாவூருக்கு மூன்று தடவை போய்வந்தோம். மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாமென்று அவர் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பத்திரத்தை வாசகம் சொல்லித் தயார் செய்தவன் நானாதலால், அதன் பலவீனமும் எனக்கே தெரியும். உரிமை தகப்பனாருடையதல்ல, குழந்தையுடையது. மைனரின் வழக்கில் செய்யும் சமரசத்தைக்கூட, அது மைனருக்கு நன்மைதானா என்று கோர்ட்டு பார்த்து அனுமதி கொடுக்கவேண்டும். வெளியே எழுதிய காகிதம் அவளை எவ்வளவு தூரம் கட்டும் என்பது வாதத்துக்குரியது. காலவரையறைச் சட்டப்படி மைனருக்குக் கணக்கு 18 வயது நிரம்பிய பிறகுதான் தொடங்குகிறது. அதிலிருந்து மூன்று வருஷம். அதாவது அவளுக்கு 21 வயது ஆகும் வரையில், கண்ணாடியில் அந்தத் தழும்பைப் பார்த்து என்ன தோன்றுகிறதோ அதன்படி செய்ய அவளுக்கு அவகாசம் உண்டு. எனக்கு அப்போது 87. இதை அவள் தகப்பனாரிடமும் சொல்லிவிட்டேன். வக்கீல் என்னைத் திட்டினார்.

கொண்டி இப்போது புதிது. மணி பத்து நாள் கவனிப்பில் நோய் ஏதுமின்றித் தேறி, கொல்லைப்புறத்தில் கம்பி வலைக்குள் சங்கிலியோடு இருக்கிறது. வெளியே அழைத்துப் போனால் வாய்மூடி உண்டு. அதைப் போட்டதும் அது என்னைப் பார்க்கிற பார்வைக்கு நான் முகம் கொடுப்பதில்லை. பலகையைக் கழற்றிவிடலாமா என்று வக்கீலைக் கேட்டேன். "இப்பக் கழட்டினா அதுக்கும் ஒரு அர்த்தம் சொல்லுவான், இருக்கட்டும்" என்றார்.

போன வாரம் சாயங்காலம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, தகரத்தின் மேல் விரலை வைத்து, குழந்தை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்பு முடிந்துவிட்டது. "நா... ய்... கள்... ஜா... க்... கி..." என்று இழுத்து, கடைசி எழுத்து வரைக்கும் விடாமல் போய்ச் சேர்ந்தாள். பிறகு கம்பிக்குள் முகத்தை வைத்து என்னைக் கூப்பிட்டாள்.

"தாத்தா, தப்பா எழுதியிருக்கு."

"என்னம்மா தப்பு?"

"நாய்கள்னு போட்டிருக்கு. உங்க வீட்டுல ஒரு நாய்தானே இருக்கு?"